அப்பப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்டேன்

பிரான்ட்ஃபோர்ட், கனடா
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள அப்பப்பாவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்கப் பத்திரகாளி அம்மன் துணை. "வட்சப்பில் கதைக்கிறதெல்லாம் கடிதமாகுமா" என்று தங்கச்சியிடம் கேட்டீர்களாம். அதுதான் பேப்பரும் பேனையுமாக இருந்துவிட்டேன். தங்கச்சி, நீ அப்பப்பாவின் வலது காதுப் பக்கம் இருந்து சத்தமாக வாசி. இடையில் உன்னுடைய சரக்கைச் சேர்க்காதே.

வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரவு முழுக்கக் குளிர் அறையில் கோழிப் பெட்டி அடுக்குகிறேன். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஞாயிறுகளில் கறி தருவார். பாரை மீன் கடையில் இருக்கிறது, ஆனால் ஐஸில் கிடந்து கிடந்து அதற்குத் தன் பெயரே மறந்து போயிருக்கும். சரி, அதை விடுவோம். நான் எழுத வந்தது விமானங்களைப் பற்றி.

வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் ஊருக்கு வெளியே, சோளத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமானத் தளம். நம் திருகோணமலைச் சீனன்குடா விமானப்படைத் தளம் மாதிரிக் காவலும் முள்வேலியும் இல்லை. ஒரு சாதாரண வேலி, அதில் சாய்ந்து நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. முதல் இரண்டு மாதம் நான் யாராவது கேட்பார்கள் என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

1940இல், போர்க்காலத்தில் போட்ட தளம் இது. பிரிட்டனுக்கும் அதன் கீழிருந்த நாடுகளுக்கும் விமானிகள் வேண்டியிருந்தது. பிரிட்டனில் வைத்துப் பழக்கினால் ஜெர்மன்காரன் குண்டு போடுவான். கனடாவில் வெட்டவெளி தாராளம், எதிரி வந்து சேர முடியாத தூரம். அதனால் நாடு முழுக்க இப்படித் தளங்கள் போட்டு, போர் முடிவதற்குள் விமானிகளும் விமானத்தில் போகும் மற்ற ஆட்களுமாக 1,31,000 பேருக்கு மேல் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத் தளங்களின் ஓடுபாதைகள் முக்கோணமாக இருக்கும். பழகும் பொடியனின் சின்ன விமானத்துக்குப் பக்கக் காற்று ஆகாது. மூன்று பாதை இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏறக்குறைய அதற்கு எதிர்முகமாக இறக்கலாம். நம் ஆட்கள் சோளகமும் வாடையும் பார்த்து வள்ளம் தள்ளுகிற கணக்குத்தான்.

கோடையில் இங்கே பழைய விமானங்கள் வரும். தில்சன்பேர்க் என்ற பக்கத்து ஊரில் ஹாவார்ட் என்ற பயிற்சி விமானங்களை வைத்துப் பராமரிக்கிறார்கள். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள், மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எடுத்த மாதிரி. முன்னால் ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கும், 600 குதிரை வலு. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உடையும். அதனால் முதலில் இரண்டு பேர் நின்று காற்றாடியை ஒவ்வோர் அலகாகக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள், கிணற்றடியில் துலா இழுக்கிற மாதிரி நிதானமாக. பிறகு ஒரு இருமல், வெள்ளைப் புகை, இன்னொரு இருமல், அப்புறம் பிடிக்கும். விமானத்துக்கு அடியில் எப்போதும் ஒரு தகரத் தட்டு வைத்திருப்பார்கள், எண்ணெய் சொட்டுவதற்கு. "சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்" என்றார் அங்கே துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். சம்பளமில்லாமல் வந்து வேலை செய்பவர். நான் வேலியில் தொங்குவதை மூன்று கிழமை பார்த்துவிட்டு, நாலாம் கிழமை உள்ளே கூப்பிட்டுக் கையில் ஒரு பழைய துணியைத் தந்தார். அன்றிலிருந்து நானும் துடைக்கிறேன்.

ஓகஸ்ட் கடைசியில் இங்கே விமானக் காட்சி நடந்தது. சனம் மடக்குக் கதிரை, குடை, பிளாஸ்க் எல்லாம் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவது போலப் போகிறது. கைக்குழந்தைகளுக்குக் காதுமூடி போட்டிருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஜெட், ஸ்னோபேர்ட்ஸ் என்று பெயர், புகை விட்டுக்கொண்டு இறகோடு இறகு உரசுகிற மாதிரிப் போயின. அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. பிறகு சீ.எஃப் 18 என்ற போர் விமானம் ஒன்று வந்தது. அது வந்தது தெரியாது, தலைக்கு மேலே போன பிறகுதான் சத்தம் விழுந்தது.

அப்பப்பா, எனக்கு நினைவு வரும்போது நான் புல்லில் குந்திக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் பிடரியில். 2006 சித்திரையில் குண்டு போடுகிற கிபிர் விமானம் குடாவுக்கு மேலால் சம்பூர்ப் பக்கம் போனபோது நீங்கள் என்னை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இழுத்து இருத்தினீர்களே, அதே இருப்பு. அப்போது எனக்குப் பத்து வயது. முழங்காலுக்கு அந்த வயது இன்னும் போகவில்லை.

பக்கத்துக் கதிரையிலிருந்த வெள்ளைக்கார அம்மா குனிந்து "என்ன விழுந்தது?" என்று கேட்டார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்: "வீட்டுத் திறப்பு." பாவம், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்று புல்லைக் கிளறத் தொடங்கிவிட்டார். அவருடைய பேரனும் சேர்ந்தான். திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரம் நானும் தேடிவிட்டு, மெல்ல எடுத்து "கிடைத்துவிட்டது" என்றேன். அந்தப் பேரன் கைதட்டினான். அம்மாவிடம் இதை வாசிக்க வேண்டாம், தங்கச்சி.

இனித்தான் உங்கள் விஷயம். பின்னேரம் நாலு மணியளவில் லங்காஸ்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் ஹமில்டனிலிருந்து வந்தது. 1945இல் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மோல்ட்டனில் செய்தது. உலகத்திலேயே இந்த வகையில் பறக்கக்கூடியவை இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில். கண்ணுக்குத் தெரிய முதல் சத்தம் வந்தது. கேட்டவுடன் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உங்கள் தொண்டையிலிருந்து தெரியும்.

1942 ஏப்ரல் 9, வியாழன் காலை ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட வந்த கதையைச் சொல்லும்போது நீங்கள் இரண்டு சத்தம் போடுவீர்கள். ஜப்பான்காரனுக்கு மூக்கால் ஒரு வண்டு. சீனன்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்துக்கு உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள் ஓர் உறுமல். நாங்கள் சிரிப்போம், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். ஆறு வயதில் கேட்டது எப்படி நினைவிருக்கும், கிழவர் விடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். லங்காஸ்டரில் இருப்பது மெர்லின் எஞ்சின் நாலு. ஹரிக்கேனில் இருந்ததும் மெர்லின், ஆனால் ஒன்று. துடைக்கிற கிழவரிடம் நீங்கள் போடும் உறுமலைப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "உன் தாத்தாவுக்கு நல்ல காது" என்றார். இப்போது அந்தக் காது இருக்கும் நிலையைப் பற்றி நான் சொல்லவில்லை.

திருகோணமலை என்றதும் அவர் "பேர்ச்சல்!" என்று துள்ளினார். லெனார்ட் பேர்ச்சல் இங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள சென். கதரின்ஸில் பிறந்தவராம். 1942 ஏப்ரல் 4 அன்று காலிக்கு அந்தப் பக்கம் கொக்கலையிலிருந்து கற்றலீனா என்ற கடல் விமானத்தில் போய், தெற்கே நடுக்கடலில் ஜப்பான் கப்பல் படையைக் கண்டு செய்தி அனுப்பியது அவர்தான். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தினார்கள். போர் முடியும்வரை ஜப்பானில் சிறை. "சிலோனைக் காப்பாற்றியவர்" என்று இங்கே அவருக்குப் பெயர். ஏப்ரல் 8 அன்று இன்னொரு கற்றலீனா அந்தப் படையை மறுபடி கண்டு எச்சரித்ததால், நம் துறைமுகத்துக் கப்பல்களை முதல்நாள் இரவே வெளியே அனுப்ப முடிந்தது. ஆனாலும் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது, 307 பேர் போனார்கள். தப்ப வைக்க அனுப்பிய இடத்திலேயே சாவு.

தங்கச்சி, உனக்கு ஒன்று. ஹரிக்கேன்களில் 1,400க்கு மேல் கனடாவிலேயே செய்தவை. அந்தத் தொழிற்சாலையின் தலைமைப் பொறியியலாளர் எல்சி மக்கில் என்ற பெண். போலியோ வந்து ஊன்றுகோலோடு நடந்தவர். பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சின் படிப்பு எதற்கு என்று அடுத்தமுறை யாராவது சித்தப்பா கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லு. எந்தச் சித்தப்பா என்று நான் எழுதவில்லை.

கிழவர் பேர்ச்சல் கதையை முடித்துவிட்டு, "உன் தாத்தா என்ன பார்த்தார்?" என்று கேட்டார். எண்ணெய்க் குதப் பக்கம் எழும்பிய கரும்புகையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதையும் சொன்னேன். ஆனால் நீங்கள் எப்போதும் கூடுதலாகச் சொல்வது மாட்டைப் பற்றித்தானே. பூட்டப்பா வண்டில் கட்டி எல்லோரையும் தம்பலகாமத்துக்கு ஏற்றும்போது, கன்றுத்தாய்ச்சிப் பசு நடக்க மாட்டாது என்று கயிற்றை அறுத்து விட்டுவிட்டு வந்தது. நீங்கள் வண்டிலின் பின்பக்கம் இருந்து அது உப்புவெளி ஒழுங்கையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனது. எனக்கு வந்த இங்கிலீசில் சொல்லி முடித்தேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, "மாடு திரும்பி வந்ததா?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் கதை கேட்டிருக்கிறேன், அதை மட்டும் நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

லங்காஸ்டர் சத்தத்தைத் தங்கச்சியின் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். வொலியூமைக் கூட்டி வலது காதில் வை, பிள்ளை. நாலு எஞ்சின், அதை ஒன்றாக நினைத்துக் கேட்கச் சொல்லு. அப்பப்பா சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. மாட்டின் கதையையும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பேரன்