பலகையில் இத்தாலி, தட்டில் கெச்சப்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர்கள் நிறைய வருகிறார்கள், அவர்களை நம்பிப் பீட்சா, பாஸ்தா என்று பலகை வைத்த கடைகளும் இருக்கின்றன. ஆனால் உண்மையான இத்தாலியச் சாப்பாடு எங்கே என்று யாராவது கேட்டால் கை காட்ட எனக்கு ஓர் இடம் தெரியவில்லை.

அண்மையில் ஒரு கடையில் கார்பொனாரா என்ற ரோம் நகரத்துப் பாஸ்தா கேட்டோம். வந்தது கிறீமில் ஊறிக் குழைந்துபோன ஸ்பகெட்டி, மேலே வெட்டிப் போட்ட சொசேஜ், பக்கத்தில் கெச்சப். ரோமில் இதற்குக் கிறீமே சேர்ப்பதில்லை. முட்டை மஞ்சட்கரு, பெக்கொரினோ என்ற செம்மறிப்பால் சீஸ், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். பாஸ்தா அவித்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுக் கிளறினால் அதுவே திரண்டு வரும். சரி, அந்தச் சாமான்கள் இங்கே கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கட்டாது. அப்படியென்றால் அதை மெனுவில் போடாமல் விடலாமே.

நம்மிடம் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. தெற்கு இத்தாலியில் நேப்பிள்ஸிலும் சிசிலியிலும் இருப்பவர்களும் கடலை நம்பிச் சமைப்பவர்கள்தான். சிசிலியின் பலெர்மோ நகரில் நம் தமிழர்கள் நீண்ட காலமாக வாழ்கிறார்கள், உணவகச் சமையலறைகளில் வேலை செய்பவர்களும் அவர்களில் உண்டு. அப்படி வேலை செய்த என் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் மட்டி ஸ்பகெட்டி செய்தார். மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு மண் கக்க வைத்தார், பிறகு ஒலிவ் எண்ணெயில் உள்ளியும் செத்தல் மிளகாயும் வதக்கி, மட்டியைக் கொட்டி மூடினார், ஓடு திறந்து சாறு விட்டது. ஸ்பகெட்டியில் ஓர் இழையைக் கடித்துப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே எடுத்து அந்தச் சாற்றில் போட்டுப் பிரட்டினார். சீஸ் கேட்ட பிள்ளைகளுக்குக் கடலுணவுக்கு அது போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ருசிக்குக் கிட்ட வரும் ஒரு தட்டைக்கூட நம் கடற்கரையில் நான் சாப்பிட்டதில்லை.

பீட்சாவும் அப்படித்தான். நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் 430 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி 60 முதல் 90 செக்கனுக்குள் எடுத்துவிடுவார்கள். அந்தக் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பாண் போடும் விறகுப் போறணையும் மா குழைக்கத் தெரிந்த கைகளும் நம் ஊருக்குப் புதிதல்ல.

கடைக்காரர்களிடம் கேட்பது இதுதான்: மெனுவில் கொத்து, நூடில்ஸ், பேர்கர், லசானியா என்று எல்லாவற்றையும் அடுக்காமல், இரண்டு மூன்று சாப்பாட்டை ஒழுங்காகச் செய்யுங்கள், பாஸ்தாவை முன்கூட்டியே அவித்து வைக்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று சொன்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். கிழக்கு மாகாணத்தில் சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்கள், மழை தொடங்கிக் கடற்கரை ஓய்ந்திருக்கும் மாதங்களில், இத்தாலியில் சமைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் நம்மவர்களைக் கூப்பிட்டு இங்குள்ள இளம் சமையற்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அடுத்த மே மாதத்துக்கு முன் இதைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை