மூடி மூடவில்லை என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்தது ஆடியில். இது ஐப்பசி. இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மணி அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். ஜோசப் சார் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான்: "அவன் அந்த விமான மாடல் பெட்டியைத் திறந்தானா, இல்லையா?" திறந்துவிட்டாய் என்று போன வாரம்தான் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் டாம்கேட் போர்விமான மாடல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னிருக்கையில் இருக்கும் பொம்மைக்குப் பாதி ஹெல்மெட்தான் மிச்சம்! காக்பிட்டின் கண்ணாடி மூடி, அதாவது கேனபி, மூடவில்லை என்று தலையைத் தேய்த்திருக்கிறாய். அதுவும் போதாமல் காக்பிட் அடியை அரத்தால் ராவப்போகிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். முதலில் அரத்தைக் கீழே வை. இதைப் படித்து முடித்தால் அது தேவைப்படாது.

நீ வாங்கியிருப்பது 102-ஆம் எண் எஃப்-14ஏ, டாம்கேட்டின் முதல் வகை. 1981 ஆகஸ்ட் 19 அன்று, நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, சித்ரா வளைகுடாவுக்கு மேலே லிபியாவின் சுகோய்-22 ஒன்றை வீழ்த்திய விமானம். முன்னிருக்கையில் ஹென்றி கிளீமன், பின்னிருக்கையில் டேவிட் வென்லெட். வென்லெட் பின்னாளில் வைஸ் அட்மிரலாகி எஃப்-35 போர்விமானத் திட்டத்துக்கே தலைமை வகித்தவர். அவர் தலையைத்தான் நீ தேய்த்திருக்கிறாய்.

கணக்கை முதலில் பார். உன் மாடல் 1/72 அளவு, நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 183 செ.மீ. உயரமுள்ள ஆள் அதில் 25.4 மி.மீ. உட்கார்ந்தால், இருக்கைப் பலகையிலிருந்து ஹெல்மெட் உச்சி வரை நிஜத்தில் 96 செ.மீ. என்று வைத்துக்கொள். மாடலில் அது 13.3 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் நிஜத்தில் 7.2 செ.மீ. தப்பு. கேனபிக்குள் அது பெரிய தூரம்.

பிளாஸ்டிக் கிட்டில் சரியாக உட்காரும் அதே பொம்மை உன்னுடையது போன்ற டைகாஸ்ட் உலோக மாடலில் ஏன் முட்டுகிறது என்று கேட்டிருந்தாய். துத்தநாகக் கலவை வார்ப்பின் சுவர் பிளாஸ்டிக்கைவிடத் தடிமன். அதன் அடியில் முன்சக்கரக் குழிக்கும் இடம் விட்டாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது காக்பிட் தொட்டிதான், அதனால் அதன் ஆழம் குறைந்துபோகிறது. அந்தத் தொட்டியை நீ ராவினால் சக்கரக் குழியின் கூரை ஓட்டையாகும். விமானத்தில் எதையும் வெட்டக் கூடாது. வெட்டுவதெல்லாம் பொம்மையில், அதுவும் இடுப்புக்குக் கீழே.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால், முட்டுவது ஆளா இருக்கையா என்று பார். பொம்மை இல்லாமல் இருக்கையை மட்டும் வைத்து மூடு. எஃப்-14ஏ-யில் இருப்பது மார்ட்டின்-பேக்கர் ஜிஆர்யு-7ஏ இருக்கை, ஆபத்தில் விமானியை வெளியே எறியும் வகை. அதன் தலைப்பெட்டிக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாக இரண்டு வளையப்பிடிகள் நிற்கும். பல மாடல்களில் கேனபியைத் தூக்குவது அந்த வளையங்கள்தான். பழி மட்டும் விமானிமேல் விழும். அப்படியென்றால் இருக்கையின் அடி முளையைக் கால் மி.மீ. தேய்த்தாலே தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: பின்னால் வந்த எஃப்-14டி வகையில் வேறு இருக்கை, அதில் மேல் வளையம் கிடையாது. ரெசின் இருக்கை வாங்கினால் பெட்டியில் எந்த வகை என்று பார்த்து வாங்கு. 1981 விமானத்தில் டி-யின் இருக்கையை வைத்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இருக்கை முட்டவில்லை என்றால் உயரத்தை அளந்துவிடு. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணைக் கூம்பாக உருட்டி, இருக்கைப் பலகையில், தலை வரும் இடத்துக்கு நேர் கீழே நிறுத்து. கேனபியின் உட்புறம் விரலால் துளி டால்கம் பவுடர் தடவி, மெதுவாக மூடித் திற. கூம்பின் நுனி தட்டையாகியிருக்கும். அதில் பல்குச்சியைப் பலகை தட்டும் வரை செருகி, மட்டத்தில் நகத்தால் குறித்து, வெர்னியரில் அள. அதிலிருந்து 0.5 மி.மீ. கழி. மிஞ்சுவதுதான் உன் ஆளுக்குக் கிடைக்கும் உயரம். 12.2 வந்து பொம்மை 13.3 இருந்தால், எடுக்க வேண்டியது 1.1.

இந்த 1.1 மொத்தத்தையும் பிட்டத்தில் எடுக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் கெடும். பிட்டம் மட்டும் இறங்கினால் தொடை இருக்கையின் முன் விளிம்பில் ஏறி நிற்கும், முழங்கால் கருவிப் பலகையில் இடிக்கும், உடம்பு பின்னால் சாயும், ஹெல்மெட் தலைப்பெட்டியில் மோதி மறுபடி மேலே வரும். தொடையின் அடியையும் பிட்டத்தையும் ஒரே சமதளமாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் 240 உப்புத்தாளை ஒட்டி, பொம்மையை நிமிர்த்திப் பிடித்து, எட்டுப் போடுவதுபோல் தேய். ஒவ்வொரு தடவையும் 0.2 மி.மீ.க்கு மேல் வேண்டாம், உடனே வைத்துப் பார். தொடை காகிதமாகும் முன் நிறுத்தி, மிச்சத்தை முதுகில் எடு. முதுகு மெலிந்தால் ஆள் பின்னால் போவார், அங்கே கேனபி உயரமாக வளைகிறதா என்பதையும் பார்த்துக்கொள். பாதம் எப்படியும் வெளியே தெரியாது, கணுக்காலோடு வெட்டிவிடு. ரெசின் பொம்மை என்றால் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் போட்டுக்கொள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

உயரம் சரியானதும் பக்கவாட்டில் குனிந்து கண்மட்டத்தைப் பார். ஏ-வகையில், விமானி தலை குனியாமல் பார்க்கக் குறிகாட்டும் ஹட் கருவியின் படம் முன்கண்ணாடியிலேயே விழும். அதையும் மூக்குக்கு மேலாகக் கப்பல் தளத்தையும் விமானி பார்த்தாக வேண்டும். தொட்டிக்குள் புதைந்து உதட்டளவில் உட்கார்ந்திருப்பவர் கப்பலில் இறங்கவே முடியாது. கேனபி மூடுவதுபோலவே இதுவும் முக்கியம் எனக்கு.

பின்னிருக்கைக்காரர் விஷயத்தில் இன்னொரு குறை. இரண்டு பேருக்கும் ஒரே கை வைத்திருக்கிறாய். முன்னவருக்கு வலக்கை விமானம் ஓட்டும் பிடியில், இடக்கை என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில், அது சரி. டாம்கேட்டின் பின்னிருக்கையில் விமானத்தை ஓட்டும் பிடியே கிடையாது. முழங்கால்களுக்கு நடுவில் பெரிய வட்டத் திரை, அதன்கீழே ரேடார் கைப்பிடி. ஒரு கை அங்கே போகட்டும். முழங்கையில் வெட்டி, 0.3 மி.மீ. செம்புக்கம்பி முளை கொடுத்து, உள்நோக்கித் திருப்பி ஒட்டினால் போதும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டு, சண்டையில் அவர் கண் வெளியேதான் இருக்கும். (ஹார்னெட் விமானம் செய்யும்போது ஞாபகம் வைத்துக்கொள்: கப்பல் தளத்திலிருந்து விமானத்தை உந்தி எறியும் கேட்டபல்ட்டில் கிளம்பும்போது அதன் விமானி வலக்கையால் பிடியைத் தொடமாட்டார், கேனபிச் சட்டத்திலுள்ள கைப்பிடியைத்தான் பிடித்திருப்பார்.)

வண்ணம் பற்றிச் சுருக்கமாக. பெட்டியோடு வரும் பொம்மை மெத்தென்று இருந்தால் அது பிவிசி. பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவை. எனாமல் அடிக்காதே, பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். பிரைமர், அதன்மேல் அக்ரிலிக். உடுப்பு சாம்பல் கலந்த பச்சை, நிஜத்தைவிட ஒரு சாயல் வெளிறலாக இருந்தால்தான் இந்த அளவில் கண்ணுக்குச் சரியாகப் படும். மடிப்புகளில் நீர்த்த கரும்பழுப்பு. காலணி கறுப்பு. ஹெல்மெட்டின் கண்மூடியான வைசர் இறங்கி மாஸ்க்கும் இருந்தால் தோல் தெரியவே தெரியாது, முகம் வரைந்து நேரத்தை வீணாக்காதே. வைசருக்குக் கரும்பழுப்பு அடித்து அதற்கு மட்டும் பளபள வார்னிஷ். இருக்கைப் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப்பை 0.6 மி.மீ. கீற்றாக நறுக்கு. நிஜப் பட்டை ஏறக்குறைய 44 மி.மீ. அகலம், கணக்கு ஒத்துவரும்.

ஒட்டும்போது தயவுசெய்து காக்பிட்டுக்குள் ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்பூச்சாக உறையும், மூடிய கேனபிக்குள் வெளியேற வழியும் கிடையாது. கையில் வைத்த கம்பி முளைக்கு அதைப் போட்டிருந்தால் ஒரு முழு நாள் வெளியில் காற்றாட வை. ஆளை இருக்கையில் ஒட்ட ஒரு சொட்டு ஃபெவிகால் போதும், பிறகு மனம் மாறினால் தண்ணீர் தொட்டு இளக்கலாம். காந்தம் வைக்கிற யோசனையை விட்டுவிடு. இந்த உலோகத்தில் காந்தம் ஒட்டாது, காந்தத்தின் தடிமனும் உயரத்தைத் தின்னும்.

கேனபியைக் கழற்ற இரும்பு எதுவும் வேண்டாம், மேலே டேப் ஒட்டி நேராகத் தூக்கு. பின்பக்கக் கீல் நாக்குகள் ஒடிந்தால் மாற்று கிடைக்காது. மூடும் முன் ஈரத்துணியால் உட்புறம் ஒருமுறை துடை. உலர்ந்த துணி தூசியை இழுக்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், சக்கரம் உள்ளே மடங்கி, ஸ்டாண்டில் பறக்கும் விமானத்தில் காலி காக்பிட் இருப்பதை என்னால் தாங்க முடியாது. தரையில் நிறுத்தி, என்ஜினுக்குக் காற்று புகும் வாயில் சிவப்பு மூடி போட்டு வைக்கும் மாடலில் ஆள் இருந்தாலும் அப்படித்தான். உன்னுடையது பறக்கிறது. இரண்டு பேரும் அதில் இருந்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் பக்கவாட்டுப் படம் ஒன்று அனுப்பு, கண்மட்டம் தெரிய வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமரேசன்

பி.கு.: வென்லெட்டுக்குப் புதுத் தலை இத்துடன் வருகிறது, பஞ்சில் சுற்றியிருக்கிறேன், உறையைக் கிழிக்கும்போது கவனம். ரயில் மாடல்களின் 1/76 அளவு அது. உயரத்தில் கொஞ்சம் மிச்சமாகும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.