பற்றுச்சீட்டு உன் பெயரில் இருக்கட்டும்

பண்டாரவளை

அன்புள்ள மகளுக்கு,

மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறாய். வேலைக்குப் புதிய மடிக்கணினி வாங்கப் போகிறாய் என்பதும், அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதும் அம்மா வாய்தவறிச் சொன்னதால்தான் எனக்குத் தெரிய வந்தன. நீயே பார்த்து வாங்கிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடு.

தம்பியை அருகில் வைத்துக்கொண்டு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நீ வரைபடம் போடும் மென்பொருள்களில் கியூஜிஐஎஸ் எந்தக் கணினியிலும் ஓடுமாம். ஆர்க்ஜிஐஎஸ் புரோவுக்கு விண்டோஸ் வேண்டும். ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் நல்லது. மெல்லிய இயந்திரங்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள் என்பதால் பிறகு கூட்ட முடியாது. இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வொரண்டியைப் பற்றி. ஒரே மாதிரி இயந்திரத்துக்குக் கொழும்பில் இரண்டு விலை சொல்வார்கள். குறைந்த விலைக்குக் கிடைப்பது பல வேளைகளில் உள்ளூர் முகவர் வழியாக வராதது, அதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லே உத்தரவாதம். பெட்டியில் உள்ள தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, உத்தரவாதம் எந்தத் திகதி வரை இருக்கிறது, அது இலங்கையில் செல்லுமா என்று கடையிலேயே நின்று பார். மூன்று வருடம் என்றால் உதிரிப்பாகமும் கூலியும் மூன்று வருடமும் அடங்குமா, பற்றரிக்குத் தனிக் கணக்கா என்று கேள். வீட்டுக்கே வந்து திருத்துவோம் என்றால், அந்த வீடு பதுளை மாவட்டத்தில் இருந்தாலும் வருவார்களா என்று எழுத்தில் வாங்கு. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் வாசி. மின்னல், தண்ணீர், கருகல் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் அங்கேதான் போட்டிருப்பார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் மலையில் இடி எப்படி விழும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தொடர் இலக்கத்தைப் பார்க்க மறந்துவிடாதே.

2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நீ சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். இன்று எந்தச் சரிவு இறங்கக்கூடும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுகிறவள் என் மகள் என்பதைக் கோயிலில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அதே சரிவுகளில் ஏறி இறங்குகிறவள், பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, விடு. அந்தத் தொடர் இலக்கத்தை மட்டும் பார்த்துவிடு.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். இறுதி வருடத்தில் உன் கணினி கருகி ஆய்வு வரைபடங்கள் போனபோது, இடி நேரத்தில் வயரைக் கழற்றாத உன் தவறு என்று எல்லார் முன்னிலையிலும் பேசினேன். அதை வாங்கிய நாளிலேயே உத்தரவாத அட்டையில் முத்திரை இல்லை என்பதைக் கவனித்தேன். பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்பதால் வாய் திறக்காமல் வாங்கி வந்தேன். பிறகு கடைக்காரர் கையை விரித்தபோது அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் பழியை உன் மேல் போட்டேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நீ அன்று அழாமல் எழுந்து போனாய், நான் அதைத் திமிர் என்று சொன்னேன்.

கருகிய அந்த இயந்திரத்தை நான் எறியவில்லை, அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா என்று யாரிடமாவது கேட்டுப் பார்க்க விரும்பினால், அடுத்த முறை வரும்போது கொண்டு போ. புதியதற்கு நான் பணம் தருவதாகச் சொல்லவில்லை, உன் சம்பளத்திலேயே வாங்கு. பற்றுச்சீட்டை உன் பெயரிலேயே எழுதச் சொல்.

அப்பா