நிலாவெளியில் போட்ட பெட்டி

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். நாங்களும் சுகம்தான், என்னுடைய முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முறைக்கிறது. மான்கள் இன்னும் டவுனுக்குள் தங்கள் பாட்டில் திரிகின்றன. நீ வந்தால் அவைக்கு வாழைப்பழத்தோல் கொடுக்கும் பழக்கத்தை மறுபடி தொடங்கலாம்.

சரி, நீ கேட்ட விஷயம். மன்னாரில் அந்தப் பழைய விடுதியில் ஏற்கெனவே கிடக்கிற டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட் கொடுக்கலாமா, அதற்கு எவ்வளவு பெரிய யூபிஎஸ் வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடுக்கலாம். யூபிஎஸ் வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹொட்டேலில் இப்போதுதான் முடித்தேன்.

தென்னைகளுக்கு நடுவே தனித்தனிக் கபானாக்கள். புல்தரையைக் கிண்டி ஃபைபர் போட முதலாளிக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சோடி செப்பு வயர் பிபிஎக்ஸிலிருந்து, அதாவது ஹொட்டேலின் உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து, போய்க் கிடக்கிறது. ஆகவே சின்ன டிஸ்லாம் ஒன்று எடுத்தோம், டெலிபோன் வயர்களில் இன்டர்நெட்டை ஏற்றிவிடுகிற பெட்டி. கார்ட் செருகுகிற வகை. கட்டுப்பாட்டுக் கார்டுக்கு ஓர் இடம், லைன் கார்டுக்கு இரண்டு இடம், பக்கத்தில் ஃபேன் தட்டு. இப்போதைக்கு 24 லைன் கார்ட் ஒன்று போதும், அறை கூடினால் மற்றதை வாங்கிச் செருகலாம். வெறுமையாக விடுகிற இடத்துக்கு மூடித்தகடு கட்டாயம் போடு. திறந்து கிடந்தால் காற்று அந்த ஓட்டைவழி சுகமாகப் போய்விடும், வேலை செய்கிற கார்ட் வேகும்.

கார்ட் எல்லாம் விடிஎஸ்எல்2, டெலிபோன் வயரில் வேகமாய் இன்டர்நெட் அனுப்புகிற முறை. 17ஏ என்கிற அமைப்பில் 17.6 மெகாஹேர்ட்ஸ் வரை பாவிக்கும். குரல் போவது 4 கிலோஹேர்ட்ஸுக்குள். இரண்டையும் ஸ்பிளிற்றர் பிரித்துவிடும். அது இல்லாவிட்டால் மணி அடிக்கிற நேரம் எழுபது எண்பது வோல்ற் ஏசி லைனில் ஏறி, இன்டர்நெட் ஒவ்வொரு கோலுக்கும் விழுந்து எழும்பும். தூரம் குறைவு என்றபடியால் வேகத்துக்குக் குறையில்லை. ஒரு கபானா மட்டும் பிடிவாதம் பிடித்தது. எல்லாம் சரி, வேகம் மட்டும் பாதிக்கும் கீழே. வயரைத் தேடிக்கொண்டு போனால், அந்தக் காலத்துப் பவுசுக்குக் குளியலறையிலும் ஒரு டெலிபோன் வைத்திருக்கிறார்கள்! டெலிபோனைக் கழற்றியவர்கள் வயரை விட்டுவிட்டார்கள். சிங்க்குக்குப் பின்னால் அந்த மூட்டு உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பூத்து, தொட்டவுடன் தூளாய் உதிர்ந்தது. சும்மா தொங்குகிற கிளை வயர் போதும், சிக்னல் அதற்குள் போய் முட்டித் திரும்பி வந்து நல்ல சிக்னலைக் கெடுக்கும். வெட்டி எறிந்தேன், மற்ற அறைகளின் வேகத்துக்கு வந்துவிட்டது. நீயும் விடுதியில் எக்ஸ்ரென்ஷன் வைத்த அறைகளை முதலிலேயே பார்த்துக்கொள்.

இனி கரண்ட். உண்மையில் இந்த வேலையில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கார்ட் செருகுவதை ஒரு பொடியனும் செய்வான்.

யூபிஎஸ் என்ன செய்கிறது? ஏசியை டிசியாக்கிப் பற்றரியில் வைத்து, திரும்ப ஏசியாக்கித் தருகிறது. டிஸ்லாமுக்கோ வேண்டியது டிசி. ஆகவே இன்னொரு அடப்டர் அதைத் திரும்ப டிசியாக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கரண்ட் சூடாய்ப் போகும், யூபிஎஸ் படுத்தால் பற்றரி நிறைந்திருந்தும் எல்லாம் அணையும். நாங்கள் எக்ஸ்சேஞ்சில் பழகிய முறையைப் பார். ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபயர், பற்றரி, கருவி மூன்றும் ஒரே பாரில், அதாவது ஒரே செப்புப் பட்டையில். மின்சாரம் நின்றாலும் ரெக்டிஃபயர் பழுதானாலும் மாறுவதற்கு ஒன்றுமில்லை, பற்றரி தன்பாட்டில் கொடுத்துக்கொண்டிருக்கும். மொடியூல் ரெக்டிஃபயர் இரண்டு போட்டால், ஒன்றைக் கழற்றித் திருத்தும்போதும் மற்றது இழுக்கும்.

12 வோல்ற் பற்றரி நாலு, வரிசையாக. 100 ஆம்பியர் மணி. முதலாளி முகம் சுளித்தார்: "ஜெனரேட்டர் இருக்குதுதானே!" இருக்கிறது. ஆனால் அது பிடிப்பதற்குள் பத்து இருபது செக்கன் போகும், அதற்குள் பெட்டி அணைந்து, திரும்ப எழும்பி, ஒவ்வொரு லைனும் மொடெத்தோடு பேசி முடிக்கச் சில நிமிஷம் ஆகும். அதைவிட, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே இருந்தது என்று கேட்டேன். பேசாமல் ஓம் என்றார். எங்கள் பெட்டி ஏறத்தாழ 150 வாட், அதாவது 48 வோல்ற்றில் 3 ஆம்பியர் சொச்சம். பற்றரி புதிதாக இருக்கும்வரை ஒரு நாள் தாண்டும். பிபிஎக்ஸையும் அதே பாரில் தொங்கவிட்டேன். அறையில் கரண்ட் இல்லாவிட்டால் மொடெம் செத்துவிடும், டெலிபோன் மட்டும் பேசும். அதற்குத் தேவையான கரண்ட் இந்த வயரிலேயே போகிறது. ஃபைபர் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

பற்றரியை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. மனேஜர் காட்டிய இடம் லோண்டரிக்குப் பக்கத்து அறை, சுவரைத் தொட்டாலே சுடுகிறது. பற்றரிக்குச் சொல்லும் ஆயுள் 25 பாகைக்கு. அதற்கு மேலே ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தப் பக்கம் எப்படி வேகும் என்று உனக்குத் தெரியும். சார்ஜ் வோல்ற்றையும் சூட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும்: 25 பாகையில் 54 வைத்தால், 35இல் 53.3 அளவில். நல்ல ரெக்டிஃபயர் என்றால் பற்றரியில் ஒட்டுகிற ஒரு சென்ஸர் வயர் வரும், அதை ஒட்டிவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும். கடைசியில் ரிசெப்ஷனுக்குப் பின்னால் ஏசி அறையில் ஒரு மூலை வாங்கினேன். அடியில் 43 வோல்ற்றுக்கு வெட்டுகிற ரிலேயும் வைத்துவிடு. அதற்குக் கீழே இறங்கவிட்டால் பற்றரி பிறகு தேறாது. இன்னொன்று, வோல்ற் இறங்க இறங்க இந்தப் பெட்டி கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வயரையும் பிரேக்கரையும் 43க்குக் கணக்குப் பார், 54க்கு அல்ல.

என்னோடு வந்த பொடியன் கார் வயரிங் பழகியவன். கெட்டிக்காரன். ரெக்டிஃபயரோடு வந்த கேபிளில் ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. கறுப்பை மைனஸில் வைத்து முடுக்கப் போனான். "அண்ணை, கறுப்பு மைனஸ்தானே?" காரில் ஓம். இங்கே நீலம்தான் மைனஸ் 48, கறுப்பு பூச்சியம், அதுதான் எர்த்தோடு சேருகிற பக்கம், அதாவது பிளஸ். பிளஸை ஏன் எர்த் பண்ணினார்கள் என்றும் கேட்டான். ஈரத்தில் கசிவு வந்தால் பிளஸ் பக்கத்துச் செம்புதான் கரையும், ஆகவே வயரை மைனஸாய் வைத்து மண்ணைப் பிளஸாக்கினார்கள் என்றேன். உப்பங்காற்றில் நின்றுகொண்டு கேட்டதால் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. பிரேக்கர் மைனஸ் வயரில்தான் வரும், பூச்சியத்தை எங்கேயும் வெட்டாதே. நிறத்தையும் முழுசாய் நம்பாதே, கம்பனிக்குக் கம்பனி மாறும். கார்ட் எல்லாவற்றையும் வெளியில் இழுத்து வைத்துவிட்டு, பெட்டியின் முனையில் மீற்றரை வைத்து, சிவப்புக் கம்பி மைனஸ் பக்கம், கறுப்புக் கம்பி பூச்சியத்தில். மைனஸ் 54 காட்டினால்தான் மேலே போ. பிறகு ஃபேன், கட்டுப்பாட்டுக் கார்ட், அதன் பச்சை லைற் ஆறுதலாய் மின்னத் தொடங்கிய பிறகு லைன் கார்ட். கையில் எர்த் பட்டி கட்டியிரு. கார்டின் இரண்டு நெம்பையும் ஒன்றாய் அழுத்து, ஒரு பக்கம் முந்தினால் பின்னால் ஊசி வளையும்.

எர்த்துக்கு மன்னார் மணலும் நிலாவெளி மணலும் ஒன்றுதான். மேல் மணல் காய்ந்து கிடக்கும், அதில் கம்பி அடித்துப் பிரயோசனமில்லை. ஈரம் வருமட்டும் இறக்கு, உப்புத் தண்ணியைத் தொட்டால் அளவு நன்றாய் வரும், ஆனால் கம்பியும் கெதியாய் அரிபடும், ஆகவே செம்பு பூசியது எடுத்து வருஷாவருஷம் அள. கட்டடத்தின் எர்த்தோடு கட்டாயம் இணைத்துவிடு. "டெலிபோனுக்குத் தனி எர்த்" என்று யாராவது ஞானம் பேசினால் கேட்காதே. இடி விழுகிற நேரம் இரண்டு எர்த்துக்கும் இடையில் வருகிற வோல்ற்தான் கார்டைக் கொல்லும். ஒவ்வொரு சோடிக்கும் இடி வோல்ற்றை எர்த்துக்குத் திருப்புகிற காஸ் அரெஸ்ரர் போடு. மாரி தொடங்க முந்தி, ஐப்பசி இடி உனக்கே தெரியும்.

விடுதியின் வயர் எந்த வருஷத்தது, மூட்டுகள் எங்கெங்கே என்று ஒரு படம் கீறி அனுப்பு. எத்தனை அறை, ஆகத் தூரமானது எத்தனை மீற்றர் என்றும் எழுது, பற்றரிக் கணக்கைப் போட்டுத் தருகிறேன். கொழும்பில் ரெக்டிஃபயர் விற்கிற ஓர் ஆள் எனக்குப் பழக்கம், விலை கேட்டு வைக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் பழைய லைன் கூட்டாளி