ஒடுக்கி வரைந்த எழுத்தும் நசுக்கிய எழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகத் தங்கள் நாளிதழின் வேலூர் மாவட்டப் பக்கங்களில் தலைப்புகள் மிகத் தடித்த, ஒடுங்கிய எழுத்துகளில் வருகின்றன. லாங்கு பஜார் அச்சகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈய எழுத்துக் கோத்தவன் நான். தடித்த எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்து வேறு, அகலமான எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நசுக்கி எடுப்பது வேறு என்பதைத் தங்கள் பக்க வடிவமைப்பாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

ஒடுக்கமாகவே வரையப்பட்ட ஆங்கில எழுத்துருக்களில் பலரும் அறிந்தது இம்பாக்ட். 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்த அதனை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகம் உலோக எழுத்தாக வெளியிட்டது. பின்னாளில் விண்டோஸ் வழியாக கணினியில் அச்சுப்பக்கம் அமைத்துத் தரும் நம் ஊர் டி.டி.பி. கடைகளுக்கும் வந்தது. கோடுகளின் முனையில் குறுங்கோடுகள் கிடையா. சிற்றெழுத்துகளின் உடல் உயரமானது, மேலும் கீழும் நீளும் கால்கள் குட்டையானவை; ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கி, குறுகிய இடத்திலும் பெரிய அளவில் அச்சிட முடிகிறது. எழுத்தின் உள்வெளி கீற்றாகச் சுருங்கினாலும் அடைபடாதபடி வரைந்திருக்கிறார். தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் ஏற்ற எழுத்து; பத்திகளுக்கு ஆகாது.

தமிழில் இந்த வேலை இன்னும் கடினமானது. ‘ட’வுக்கும் ‘ண’வுக்கும் அகலத்தில் எவ்வளவு வேறுபாடு! மூன்று சுழி ‘ண’வை நசுக்கினால், செய்தித்தாளில் மை பரவியதும் சுழிகள் அடைபட்டு இரண்டு சுழி ‘ன’ போலாகிவிடுகிறது. அண்மையில் ஒரு தலைப்பில் இருந்த ‘மணம்’ என்ற சொல்லை என் பேத்தி ‘மனம்’ என்று படித்தாள். பிழை அவளுடையது அன்று. ‘இராணிப்பேட்டை’யில் உள்ள இரு புள்ளிகளும் மெலிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நசுக்கும்போது நிற்கும் கோடுகள் மட்டும் மெலிகின்றன, கிடக்கும் கோடுகளோ பழைய தடிப்பிலேயே நிற்கின்றன. எழுத்து வரையத் தெரிந்தவர் இதற்கு நேர்மாறாக, நெரிசலான சுழிகளில் கோட்டின் தடிப்பைக் குறைத்து, புள்ளிக்குத் தனி இடம் ஒதுக்குவார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’ போன்றவை யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு ஒரே எழுத்தாக அமைந்து அகலத்தை மிச்சப்படுத்தின. இன்று ‘ை’ குறி தனியாக முன்னே நிற்பதால் அவற்றுக்குக் கூடுதல் அகலம் தேவை என்பதையும் வரைபவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே, தமிழுக்கென்றே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துருவை முதன்மைத் தலைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துமாறும், படக்குறிப்புகளையும் இரங்கல் அறிவிப்புகளையும் வழக்கமான எழுத்திலேயே அச்சிடுமாறும் வேண்டுகிறேன். எங்கள் காலத்தில் ஈயத்தை நசுக்க வழியில்லை. வரி நிறைந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் கேட்டு ஒரு சொல்லைக் குறைப்போம். தங்கள் உதவி ஆசிரியர்களும் தலைப்பில் ஒரு சொல்லைக் குறைத்தால் எழுத்தை நசுக்க வேண்டிய தேவையே எழாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.