அறிவியல் மன்றச் செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, எங்களுக்கு முன்னாடியே வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. நூலக அலமாரிக்குப் புதுக் கதவு போட்டோம். டிசம்பர் மாத வான்நோக்கல் மேகத்தால் ரத்தானது. ஒத்திவைத்த நாளிலும் மேகம்தான். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று விநாடி வினா நடந்தது. அவ்வளவுதான். மீதி அறிக்கை முழுக்கப் பாராசூட்டைப் பற்றியது. இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. தலைவருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அவர் பேசும்போது சொல்வார்.

கடந்த ஆகஸ்ட் 24 அன்று இஸ்ரோ, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் கலத்தின் மாதிரி ஒன்றை ஹெலிகாப்டரில் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச்சென்று கீழே விட்டுப் பாராசூட்டுகளைச் சோதித்தது. கலத்தின் எடை ஏறக்குறைய 5 டன். அடுத்த சனிக்கிழமை நம் பள்ளி வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்வி: "நாமளும் போடலாமா சார்?"

சரி, போடலாம் என்றோம். செப்டம்பரில் முதல் முயற்சி. வீட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்து வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். செய்தித்தாள், பழைய வேட்டி, கிழிந்த குடை எல்லாம் வந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட கேரி பேக் எத்தனை வீட்டிலிருந்து வந்தது என்பதை இந்தச் சபையில் சொல்ல வேண்டாம். ஆசிரியர் மாடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். மெதுவாக இறங்கியதற்குக் கைதட்டிப் பரிசும் அறிவித்துவிட்டோம். அப்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அவன் கட்டின கல்லு சின்னது சார்" என்றான்.

அதோடு அன்றைய சோதனை முடிந்தது. துணி வேறு, நூலின் நீளம் வேறு, கல்லும் வேறு என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அந்தக் கேள்வியை நாங்கள்தான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். தவறு முழுக்கச் செயலாளருடையது. பரிசைத் திரும்ப வாங்கவில்லை, அது பேனாதான்.

மழைக்காலம் போய், காற்று அடங்கிய ஜனவரிக் காலை ஒன்றில் மறுபடி இறங்கினோம். இந்த முறை பாரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: ஐந்து ரூபாய் நாணயங்கள் நான்கு, சிறு துணியில் முடிந்தது. 2019-க்கு முந்தைய பித்தளை நிற நாணயம் ஒன்று 6 கிராம் என்பதால் தராசு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நூலில் கல் கட்டி இறக்கி அளந்தோம், 7 மீட்டர். மாணவர் யாரும் மாடி ஏறக்கூடாது என்பது தலைமையாசிரியரின் நிபந்தனை. நியாயமானதுதான். நேரம் பார்ப்பதில் கொஞ்சம் தகராறு. ஒரே பாராசூட்டுக்கு மூன்று ஸ்டாப்வாட்ச் மூன்று நேரம் காட்டின. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கால் விநாடி போய்விடுகிறதே! கடைசியில் செல்போனில் வீடியோ எடுத்து, அதை மெதுவாக ஓட்டி எண்ணினோம்.

குடைத் துணியில் 30 செ.மீ. சதுரம் ஒன்று, 60 செ.மீ. சதுரம் ஒன்று. பரப்பு நான்கு மடங்கு, ஆகவே நேரமும் நான்கு மடங்கு என்று கரும்பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். சின்னது மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது. பெரியதுக்கு ஐந்துகூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் பரப்பை நான்கு மடங்காக்கினால் வேகம் பாதியாகத்தான் குறையும். பெரிய துணியின் சொந்த எடை வேறு சேர்ந்துகொண்டதால் நேரம் இரண்டு மடங்கையும் எட்டவில்லை. வேட்டித் துணி இன்னும் வேகமாக வந்தது. அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்த சிறுமி, "காத்து அந்தப் பக்கம் வருது சார்" என்றாள். நான் விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

பெரியது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இறங்கியது. 1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய கார்னெரின் பட்ட பாடும் இதுதான். அவருடைய பாராசூட்டில் உச்சியில் துளை கிடையாது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு விளிம்பு வழியாகப் பிதுங்கி, அப்புறம் எதிர் விளிம்பு வழியாகப் பிதுங்கும். நம் பெரிய துணியின் நடுவில் சிறு வட்டம் வெட்டியதும் ஆட்டம் பெருமளவு அடங்கியது, நேரம் சற்றே குறைந்தது.

ஆனால் அன்று எல்லாவற்றையும்விட நேராக இறங்கியது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கூட்டல் குறி வடிவப் பாராசூட். தையல்கடையில் கிடைத்த துண்டு சதுரத்துக்குப் போதவில்லையாம், இரண்டு பட்டையைக் குறுக்காக வைத்துத் தைத்துவிட்டாள். விமானங்கள் ஓடுபாதையில் வேகம் குறைக்க விரிக்கும் பாராசூட்டுகளில் இந்த வடிவமும் உண்டு என்று சொன்னபோது அவள் நம்பவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் "பாராசூட் பாரம், 20 ரூபாய்" என்று ஒரு செலவு வரும், யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். கடைசியாகப் போட்டது காற்றில் தள்ளிப்போய்ப் பள்ளி வேப்பமரத்தின் உச்சிக்கிளையில் மாட்டிக்கொண்டது. முடிச்சோடு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.