தெருவுக்குக் கட்சிச் சாயம் பூசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூர் தொகுதி வாக்காளர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரி: 'இந்தத் தெருக்காரர்கள் ஓட்டுப் போடவே வரமாட்டார்கள், வந்தாலும் ஒரே கட்சிக்குத்தான்.' பக்கத்திலேயே தெருப் பெயர்களோடு வண்ணம் தீட்டிய வரைபடம். தேர்தல் வேலை தெரிந்த யாரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்கள். இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ஐப் படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

படிவம் 20 தருவது வாக்குச்சாவடிக் கணக்கு. தெருக் கணக்கு அதில் கிடையாது. ஒரு பாகத்தில் (வாக்காளர் பட்டியலில் ஒரு சாவடிக்கு உரிய பகுதி) எந்தெந்தத் தெரு அடங்கும் என்பது வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் பிரிவு வாரியாக இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஒரு தெருவும் அதன் பின்புறம் உள்ள வாரியக் குடியிருப்பும் ஒரே பாகத்தில் வருவது சென்னையில் சர்வசாதாரணம். இயந்திரத்துக்குள் போனபின் யார் ஓட்டு எது என்று பிரிக்க வழியில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், வாக்குச்சாவடியில் பெயருக்குப் பெயர் குறியிட்ட பட்டியலைப் பார்க்க வேண்டும். அதிலும் வந்தவர்கள்தான் தெரிவார்கள், எந்தச் சின்னம் என்று தெரியாது.

2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களைப் பாக எண்ணை வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். கொரோனா காரணமாக 2021-ல் ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர்தான் என்று உச்சவரம்பைக் குறைத்து, அதற்கு மேல் இருந்த இடங்களில் எண்ணுக்குப் பின்னால் 'ஏ' சேர்த்துத் துணைச் சாவடி போட்டார்கள். பிரிந்த இரண்டையும் கூட்டாமல் ஒன்றை மட்டும் எடுத்தால், கட்சியின் வாக்கு ஒரேயடியாகச் சரிந்ததுபோலத்தான் தெரியும். இது போக, தபால் வாக்குகள் சாவடி வாரியாகப் பிரியாமல் கடைசியில் மொத்தமாக ஒரே வரியில் வரும். வீட்டிலிருந்தே வாக்களித்த முதியவர்கள் அந்த வரியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் 'வராதவர்கள்' அல்ல. அந்த ஒரு வரியை அலட்சியம் செய்ய முடியாது: 2021-ல் தி.நகர் முடிவே 137 வாக்கில்தான் தீர்மானமானது என்பதை நீங்களே செய்தியாகப் போட்டீர்கள்.

'வருவதில்லை' என்ற பழிக்கு வருகிறேன். சதவீதம் என்றால் மேலே ஒரு எண் (பதிவான வாக்கு), கீழே ஒரு எண் (பட்டியலில் உள்ள பெயர்கள்). மேலே உள்ளதை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். வாடகை வீடு மாறுகிறவர்கள் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுப்பதில்லை. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்க வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. பெயர்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. ஒரு பாகத்தில் 1,200 பெயர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 பேர் இறந்தவர்களும் ஊர் மாறியவர்களும். பதிவானது 540 வாக்கு. காகிதத்தில் 45 சதவீதம். உயிரோடு அங்கே குடியிருப்பவர்களில் 60 சதவீதம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று தனிப் பட்டியல் கொடுத்து அனுப்புகிறார்களே, அது எதற்கு? வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்.) பின் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். விடுபட்டவர்களில் தகுதியுள்ளவர்களும் இருக்கலாம், அது தனி வழக்கு. ஆனால் பழைய பட்டியலை வைத்து இத்தனை ஆண்டுகளாகச் சென்னைக்காரர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவந்தீர்களே, அந்தக் கணக்கைத் திருத்தி ஒரு வரி வந்ததா?

2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 19 இரவு, தமிழகத்தில் 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். பிறகு அது 69 சதவீதச் சொச்சமாக இறங்கியது. சென்னைத் தொகுதிகளில் இறக்கம் இன்னும் பெரிது. முதல் எண்ணை வைத்துப் பாராட்டி எழுதியவர்கள், அடுத்த எண் வந்ததும் மக்களைத் திட்டினார்கள். சாவடி முகவர்கள் கையில் இருந்த, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவங்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் இரண்டுமே வேண்டியிருக்காது.

'கோட்டை' என்ற சொல்லையும் விடமாட்டேன் என்கிறீர்கள். சென்னையின் 16 தொகுதிகளில் 2011-ல் 14 அ.தி.மு.க. அணிக்கு. 2016-ல் 10 தி.மு.க.வுக்கு, 6 அ.தி.மு.க.வுக்கு. 2021-ல் பதினாறும் தி.மு.க. அணிக்கு. இந்த மூன்று தேர்தலில் மயிலாப்பூரே இரண்டு முறை அ.தி.மு.க.வுக்கு, ஒரு முறை தி.மு.க.வுக்கு. இதில் யாருடைய கோட்டை எது?

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது அந்த வரைபடம்தான். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாக அம்பலமாகிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது, இன்னும் வரவில்லை. எந்தச் சாவடி நமக்குக் கை கொடுக்கவில்லை என்று கட்சிக்காரர்கள் பார்த்துத்தான் சில இடங்களில் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் தள்ளிப்போகின்றன என்பது வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை நீங்கள் சுலபமாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் தப்பான கணக்கில்.

கேட்பது இவ்வளவுதான். இனி இப்படி அட்டவணை போட்டால் பாக எண், எந்தத் தேதிப் பட்டியல், மொத்தப் பெயர்கள், பதிவான வாக்கு, நோட்டா ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியாகக் கொடுங்கள். தபால் வாக்கு அதில் சேரவில்லை என்று அடியில் குறிப்பிடுங்கள். தெருப் பெயர்களை எடுத்துவிடுங்கள். அந்த வரைபடத்துக்கு ஒரு திருத்தம், கட்டுரை வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சென்னை-4